நெல்லை என்று தேடினால் நெல்லும் வரும்

'நெல்லை' என்பது நமக்கு ஊர். அதே எழுத்துகள் நெல்லோடு ஐ உருபு சேர்ந்தாலும் வந்துவிடும். "நெல்லை எப்படிக் காயவைப்பது" என்று தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவர் தேடுகிறார், "நெல்லை அல்வா" என்று பெங்களூரில் ஒருவர் தேடுகிறார். கூகுளின் கையில் இருப்பது இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். பக்கத்தில் நிற்கும் சொல்லை வைத்துத்தான் ஊரா, நெல்லா என்று அது பிரித்தறிய வேண்டும். 'பாய்' இன்னும் வம்பு: பத்தமடையில் நெய்வதும் பாய்தான், பிரியாணிக் கடைக்காரரும் பாய்தான். 'அல்வா' என்று ஒற்றைச் சொல்லாகத் தேடினால் ஏமாந்தவர்களைக் கேலி செய்யும் மீம்களும் கூடவே வரும். அம்பாசமுத்திரத்தை நாம் 'அம்பை' என்கிறோம்; வெளியூர்க்காரருக்கு அது மகாபாரதத்துப் பெண்.

சிறு கடையின் இணையதளம் தேடலில் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் தொழில்நுட்பம் அல்ல, சொற்கள். கடைக்காரர் ஒரு பாஷையில் எழுதி வைத்திருக்கிறார், வாங்க வருபவர் வேறொரு பாஷையில் தேடுகிறார். "மூன்று தலைமுறைப் பாரம்பரியம், தரமே எங்கள் உயிர்மூச்சு" என்று முகப்பில் இருக்கும். உயிர்மூச்சு என்று எழுதித் தேடி யாரும் கருப்பட்டி வாங்குவதில்லை.

அப்படியானால் என்ன எழுதித் தேடுகிறார்கள்? கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரம், கடைக்கு வரும் ஒவ்வொரு போனிலும் வாட்ஸ்அப்பிலும் முதல் கேள்வி என்னவோ அதைக் கேட்டபடியே, திருத்தாமல் எழுதிக்கொள்ள வேண்டும். "அண்ணாச்சி, கருப்பட்டி சீனி கலக்காததுதானா?" "மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்டுப் பாய் கிடைக்குமா?" "துபாய்க்குக் கொண்டுபோனா அல்வா எத்தனை நாள் தாங்கும்?" இவைதான் தேடல் சொற்கள். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும், காசு கொடுத்து வாங்கும் 'கீவேர்ட் டூல்' எதுவும் ஒரு சின்ன ஊரின் சின்னத் தொழிலுக்கு இவ்வளவு சரியாகச் சொல்லாது. மாதம் பத்துப் பேர் தேடும் சொல்லை அவை பூஜ்யம் என்றே காட்டும். அந்தப் பத்தில் நாலு பேர் ஆர்டர் கொடுத்தால் பாய் நெய்பவருக்கு அது நல்ல மாதம்.

நோட்டில் உள்ளதை எடுத்துக்கொண்டு, பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் முதல் இரண்டு சொல்லை மட்டும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கூகுள் மிச்சத்தைத் தானே நீட்டும். 'பத்தமடை பாய்' என்று தமிழில் ஒருமுறை, அதையே ஆங்கில எழுத்தில் ஒருமுறை. இரண்டிலும் வரும் பட்டியல் வேறு வேறாக இருக்கும். தமிழில் பேசுபவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அங்கேதான் எழுத்துக்கூட்டல் கூத்து தொடங்குகிறது. திருநெல்வேலிக்கு வெறும் 'டி' போதும் என்பார் ஒருவர், 'டி-எச்' போடுவார் இன்னொருவர். பத்தமடையில் 'டி' இரட்டிப்பதா, 'டி-எச்' போடுவதா என்பது ஊருக்குள்ளேயே தீராத வழக்கு. கருப்பட்டிக்கு ஒரு 'பி'யா, இரண்டா? அதையே பனைவெல்லம் என்பவரும் உண்டு, ஆங்கிலத்தில் பாம் ஜாக்ரி என்பவரும் உண்டு. குற்றாலம் வெள்ளைக்காரன் வைத்த கூட்டலில் ஒன்று, நம் உச்சரிப்பில் இன்னொன்று. போதாக்குறைக்கு மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் என்று வேறொரு ஊர்.

பிரபலமான சொற்களின் கூட்டல் பிழைகளைக் கூகுள் தானே சரிசெய்துகொள்ளும். சின்ன ஊர்ப் பெயர்களில் அந்தச் சாமர்த்தியம் குறைவு. அதற்காகப் பக்கத்தின் அடியில் இருபது விதமான எழுத்துக்கூட்டலையும் வரிசையாகக் கொட்டி வைப்பது பழைய தந்திரம். இன்று அதை ஸ்பாம் என்றே கணக்கிடுவார்கள். எல்லோரும் அதிகம் எழுதும் ஒரு கூட்டலை டைட்டிலில் வையுங்கள். இரண்டாவதை உள்ளே ஒரு வாக்கியத்தில், பேச்சுவாக்கில் வருவதுபோல் வையுங்கள். தமிழ்ப் பெயர் தமிழ் எழுத்தில் ஒருமுறையாவது இருக்க வேண்டும். அவ்வளவு போதும்.

மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டமாகப் பிரிந்தன. தென்காசிப் பக்கத்துக் கடைகளின் தளங்களில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்பதே இன்னும் கிடக்கிறது. பின்கோடு இரண்டு மாவட்டத்துக்கும் 627-ல்தான் தொடங்குகிறது என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. முகவரியில் தென்காசி என்று திருத்திவிட்டு, "முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த" என்று அறிமுகப் பத்தியில் ஒரு வரி சேர்த்தால் இரண்டு பெயரும் நேர்மையாகவே இடம்பெற்றுவிடும். அதேபோல் 'டவுன்', 'ஜங்ஷன்' என்று மட்டும் எழுதாதீர்கள். டவுன் என்றால் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றிய ரத வீதிகள் என்பது இங்கே பிறந்தவருக்குத் தெரியும். சென்னையிலிருந்து தேடுபவருக்கு எல்லா ஊரிலும் ஒரு டவுன் உண்டு.

சொற்கள் கிடைத்த பிறகு பக்கங்கள். ஒரு தேவைக்கு ஒரு பக்கம். பாய்க் கடை என்றால் 'எங்கள் தயாரிப்புகள்' என்ற ஒரே பக்கத்தில் முப்பது படத்தைத் தொங்கவிடுவதுதான் வழக்கம். அதைப் பிரித்துக் கல்யாணப் பாய்க்குத் தனிப் பக்கம் போடுங்கள். பெயர் நெய்ய எத்தனை எழுத்துவரை இடம் இருக்கும், தமிழில் நெய்ய முடியுமா, எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், நீள அகலம் என்ன, 100 கவுண்ட் (நெசவின் நெருக்கம்) பாய்க்கும் 140 கவுண்ட் பாய்க்கும் தொட்டுப் பார்த்தால் என்ன வித்தியாசம், மடித்து அனுப்பலாமா சுருட்டித்தான் அனுப்ப வேண்டுமா, விலை என்ன. விலையை எழுதத் தயங்குபவர்கள் அதிகம். "விலைக்கு அழைக்கவும்" என்று போடுவார்கள். வாங்க நினைப்பவர் அழைப்பதற்கு முன் விலை எழுதிய அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். மாறும் விலையானால் "இவ்வளவிலிருந்து" என்று எழுதி, எந்த மாதத்து விலை என்றும் போடுங்கள். தேடல் முடிவின் உச்சியிலேயே கூகுள் தானே பதிலைத் தொகுத்துக் காட்டும் இந்தக் காலத்தில், எங்கும் கிடைக்கும் பொதுச் செய்தியை எழுதிப் பயனில்லை. பாய் என்றால் என்ன என்பதை அது சொல்லிவிடும். உங்கள் தறியில் இந்த மாதம் ஆர்டர் எடுக்க இடம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

டைட்டில் என்பது பக்கத்தின் உள்ளே தெரியும் பெரிய எழுத்துத் தலைப்பு அல்ல. பிரவுசர் தாவலிலும் தேடல் முடிவில் நீல வரியாகவும் தெரிகிறதே, அது. 'முகப்பு' என்றோ 'ஹோம்' என்றோ மட்டும் அது இருந்தால் தளத்தின் மிக விலையுயர்ந்த வரியை வீணடித்திருக்கிறீர்கள். "பத்தமடை கல்யாணப் பாய், மணமக்கள் பெயர் நெய்து" என்று தொடங்கிக் கடைசியில் கடைப் பெயர் வரலாம். ஆங்கிலத்தில் சுமார் அறுபது எழுத்துவரை வெட்டுப்படாமல் தெரியும் என்பார்கள். தமிழ் எழுத்து அகலம் கூடியது, அதனால் அதற்கு முன்பே வெட்டிவிடும். முக்கியச் சொல் முதலில் வரட்டும். அதன் கீழே வரும் விவரிப்பு வரி தரவரிசையை ஏற்றாது, ஆனால் ஆளை உள்ளே இழுக்கும். 'மெட்டா கீவேர்ட்ஸ்' என்ற கட்டத்தில் ஐம்பது சொல் திணித்துத் தருகிறேன் என்று யாராவது பில் போட்டால் கொடுக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

தமிழ்த் தளங்களுக்கே உரிய கோளாறுகள் சில உண்டு; ஆங்கில வழிகாட்டிகளில் இவை கிடைக்காது. முதலாவது போஸ்டர். பிரஸ்ஸில் நோட்டீஸ் அடிக்க வடிவமைத்த படத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவார்கள். விலை, முகவரி, நேரம் எல்லாம் படத்துக்குள் இருக்கும். கண்ணுக்கு அழகு, தேடுபொறிக்கு அது கிட்டத்தட்ட வெற்றுச் சுவர். இரண்டாவது பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய உரை திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குப்பையாக இருக்கும். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: தளத்தில் ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட், பிழைப்பீர்கள். ஆங்கிலக் கிறுக்கலாக விழுந்தால் முழுத் தளத்தையும் மாற்ற வேண்டும். எதுவுமே காப்பி ஆகவில்லை என்றால் அது படம்.

மாற்றிய பிறகும் ஒரு பொடிக் கோளாறு ஒளிந்திருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்திருக்கும். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு எழுத்து. 'அல்வா' என்பது உள்ளே 'அல்வர' என்று பதிந்திருந்தால் அல்வா தேடுபவர் உங்களிடம் எப்படி வருவார்? 'சௌ' என்று எழுத வேண்டியதை 'செ' போட்டுப் பக்கத்தில் 'ள' சேர்ப்பதும் இதே சாதி. பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் தேடல் கட்டத்தில் அந்தச் சொல்லை நீங்களே தட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற சொல் மஞ்சளாக ஒளிரவில்லை என்றால் பிழை அங்கேதான்.

மூன்றாவது இணைய முகவரி. பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைப்பது அழகுதான், கூகுளுக்கும் தடையில்லை. ஆனால் அதைக் காப்பி செய்து அனுப்பும்போது பல இடங்களில் அது சதவீதக் குறிகளாக விரியும். இணைய முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் (புள்ளியும் துணைக்காலும்கூடத் தனிக் குறியீடுதான்) மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக விரிகிறது. ஆக ஒன்பது மடங்கு. 'அல்வா' ஐந்து குறியீடு, 45 எழுத்து. 'திருநெல்வேலி' பன்னிரண்டு குறியீடு, 108 எழுத்து. தளம் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இந்த முகவரித் துண்டுக்கு 200 எழுத்துத்தான் இடம் தருகிறது, ஆகவே தமிழ்த் தலைப்பு இருபத்திரண்டு குறியீட்டோடு பாதியில் அறுந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கமாக வைப்பதே நல்லது. ஏற்கெனவே தமிழில் இருந்து மாற்றுகிறீர்கள் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பல் போட மறக்கக் கூடாது. மறந்தால் அதுவரை சேர்ந்த மதிப்பு அங்கேயே கிடந்து போகும்.

தமிழும் ஆங்கிலமும் வேண்டுமா? இரண்டுக்கும் தனித்தனி முகவரி கொடுங்கள். வேறுமொழிப் பக்கம் எது என்று கூகுளுக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறிப்பை இரண்டு பக்கத்திலும் போடுங்கள், ஒன்று மற்றதைக் காட்ட வேண்டும், தன்னையும் காட்ட வேண்டும். ஒருபக்கம் மட்டும் போட்டால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாது. மூலையில் ஒரு மொழிபெயர்ப்புப் பொத்தானை வைத்துவிட்டு இருமொழித் தளம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது பார்ப்பவரின் பிரவுசருக்குள் மட்டும் நடக்கும் மாயம், தேடலில் இரண்டாவது பக்கம் என்று எதுவும் உருவாவதில்லை.

இனி வரைபடம். கடையின் பெயர், முகவரி, நேரம் எல்லாம் கூகுள் வரைபடத்தில் தெரியவைக்கும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம், கடை வாசல் உள்ள தொழிலுக்கு இணையதளத்தைவிட முதலில் வேண்டியது இதுதான். பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்தே வரைபட முடிவுகள் வரிசைப்படுகின்றன என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை யாராலும் மாற்ற முடியாது. பத்தமடைக் கடை சென்னை மயிலாப்பூரில் நிற்பவரின் 'அருகில் பாய்க் கடை' தேடலில் வராது, அதற்காக யாருக்கும் பணம் கொடுத்துப் பயனுமில்லை. ஊருக்கு வந்தவரைக் கடை வாசலுக்குக் கொண்டுவருவது வரைபடம். பார்சலில் வாங்குபவரைக் கொண்டுவருவது மேலே சொன்ன பக்கங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் காசைத் தொலைக்கிறார்கள்.

பெயர்க் கட்டத்தில் போர்டில் இருக்கும் பெயர் மட்டும். "… ஸ்வீட்ஸ் ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா பெஸ்ட் ஷாப்" என்று நீட்டினால் கொஞ்ச நாள் மேலே வரலாம். யாராவது புகார் கொடுத்தாலோ, கூகுளே பார்த்தாலோ புரொஃபைல் முடங்கும். ஊரில் பேர்பெற்ற இன்னொரு கடையின் பெயரைத் தன் பக்கத்தில் செருகுவது அதைவிட மோசம், அது வழக்கு வரைக்கும் போகும். முதன்மை வகையைத் துல்லியமாகத் தேர்ந்தெடுங்கள்: வெறும் 'கடை' அல்ல, 'இனிப்புக் கடை'. வீடியோ சரிபார்ப்பு கேட்டால் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும்: தெரு, பக்கத்துக் கடை, போர்டு, பிறகு ஷட்டரைத் திறந்து உள்ளே போய்க் கல்லா. கடை உங்களுடையது என்று அதில் தெரிய வேண்டும். வீட்டிலேயே நெய்து, யாரையும் நேரில் சந்திக்காமல் பார்சலில் மட்டும் அனுப்புபவருக்கு இந்தப் புரொஃபைலுக்குத் தகுதியில்லை. கதவெண் இல்லாத தெருவானால் வரைபடத்துப் புள்ளியை விரலால் நகர்த்திச் சரியாக வாசலில் வையுங்கள். நான்குவழிச் சாலையின் எதிர்ப்புறம் விழுந்த புள்ளி, ஆளைச் சில கிலோமீட்டர் தள்ளி யூ-டர்ன் போட வைக்கும். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்குள் வண்டி வராது என்றால் சிறப்பு நேரத்தில் அதைக் குறிப்பிடுங்கள். மூடிய கடைக்கு வந்து திரும்பியவர் எழுதும் ஒற்றை நட்சத்திரம் நாலு வருஷம் பேசும்.

விமர்சனம் கேட்கலாம். அதற்குப் பதிலாகக் கால் கிலோ அல்வா இலவசம் என்பது விதிமீறல். திருப்தியானவரிடம் மட்டும் லிங்க் கொடுப்பதும் விதிமீறல்தான். தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளும் நட்சத்திரக் குறியீட்டைக் கடைப் பெயருக்குக் கூகுள் 2019-க்குப் பிறகு காட்டுவதில்லை. அதைப் பொருத்தித் தருகிறேன் என்பவரையும் மெட்டா கீவேர்ட்ஸ்காரரோடு சேர்த்து அனுப்பிவிடலாம்.

இந்தப் புரொஃபைலோடு ஒட்டிக் கூகுள் இலவசமாகத் தந்த ஒற்றைப் பக்கத் தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. விசிட்டிங் கார்டிலும் பார்சல் அட்டையிலும் அந்தப் பழைய முகவரியே அச்சாகிக் கிடக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. சொந்த டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்குங்கள், உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில். தளம் செய்தவரின் கணக்கில் டொமைன் இருந்து, அவர் தொழிலை விட்டுவிட்டுப் போனால், ரினீவல் தேதியன்று தெருவில் நிற்பது நீங்கள்தான்.

தளம் இருக்கிறது, ஆனால் கூகுளில் அறவே இல்லை என்றால்? ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் டொமைனை எழுதித் தேடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் கதவை உள்ளே இருந்து பூட்டியிருக்கிறார்கள். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் என்ற இடத்தில், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. தளம் கட்டும்போது டிக் செய்வார்கள், திறப்பு விழா அவசரத்தில் எடுக்க மறப்பார்கள். அல்லது தேடுபொறிகள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் 'டிஸ்அலவ்' என்று போட்டு ஒற்றைச் சாய்கோடு நிற்கும். அந்த ஒரு கோடு முழுத் தளத்துக்கும் தடை.

அடுத்து சர்ச் கன்சோல், தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி. டொமைன் விற்றவரின் பேனலில் கூகுள் தரும் ஒரு வரியை டிஎக்ஸ்டி பதிவாகச் சேர்த்தால் உங்கள் தளம் என்று உறுதியாகிவிடும். தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்துவிட்டு, முக்கியமான நாலைந்து பக்கத்தை மட்டும் யுஆர்எல் சோதனையில் போட்டு இன்டெக்ஸ் செய்ய, அதாவது கூகுளின் பட்டியலில் சேர்க்க, கேளுங்கள். தினமும் கேட்பதால் வேகம் கூடாது. 'பார்த்தோம், சேர்க்கவில்லை' என்ற பொருளில் நிலை வந்தால் தொழில்நுட்பத்தைத் துழாவாதீர்கள். பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் சொல்ல எதுவும் இல்லை என்றே அர்த்தம். பிங் தேடுபொறிக்கும் இதே வேலையைச் செய்யலாம், சர்ச் கன்சோலிலிருந்து அப்படியே இறக்குமதி செய்துகொள்ளும் வசதி அதில் இருக்கிறது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல் 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி வடிவில் 150 கேபி அளவுக்குக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அலுவலக வைஃபையில் சோதிக்காமல் பாபநாசத்து மலையடிவாரத்தில் நின்று மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

பத்தாயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு), முப்பது நாளில் முதலிடம், உத்தரவாதம் என்று போன் வரும். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காகச் செய்த வேலைக்கே பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். கல்யாணப் பாய் வாங்கிய மணப்பெண் தன் பதிவில் கொடுக்கும் ஒரு இணைப்பு, கைவினைக் கண்காட்சி நடத்தியவர்கள் தங்கள் தளத்தில் போடும் பெயர்ப் பட்டியல், கடைக்குப் பொருள் வாங்கிப்போகும் ஹோட்டலின் பக்கம்: இவைதான் இணைப்புகள்.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவருக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. சீசன் ஜூனில் தொடங்கும் என்றால் பக்கம் ஏப்ரலிலேயே தயாராக இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு புதுப் பக்கம் போட்டுப் பழையதை அநாதையாக விடாமல், ஒரே முகவரியில் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள். ஐந்தருவிக்கு எவ்வளவு தூரம், பழைய குற்றாலத்துக்கு எவ்வளவு தூரம், கார் நிறுத்த இடம் உண்டா, வெந்நீர் எத்தனை மணிவரை. "இன்று அருவியில் குளிக்க அனுமதி உண்டா" என்பதற்குத் தினமும் பதில் போட்டால் கூட்டம் குவியும்தான். ஆனால் அதில் பெரும்பகுதி காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். பார்வையாளர் எண்ணிக்கை ஏறும், அறை நிரம்பாது.

மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். பதினாறு மாதத் தரவுவரை அங்கே கிடைக்கும். சராசரி இடம் எட்டிலிருந்து இருபதுக்குள் நிற்கும் சொற்களை மட்டும் வடிகட்டுங்கள். உழைப்புக்கு உடனே கூலி கிடைப்பது அங்கேதான். காட்டப்பட்டது நிறைய, கிளிக் குறைவு என்றால் டைட்டிலைத் திருத்த வேண்டும். நீங்கள் எழுதவே எழுதாத ஒரு சொல்லுக்கு உங்கள் பக்கம் பதினான்காம் இடத்தில் வந்து நிற்பதும் தெரியும், "பாயில் இனிஷியல் போடலாமா" என்பதுபோல. அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தில் இரண்டு வரி: போடலாமா, போட்டால் எத்தனை எழுத்து, விலையில் எவ்வளவு கூடும்.